இருபத்தேழாம் எண்ணின் மூலைகள்

ஓர் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தைக் குறித்து முடிக்க எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும். ஆட்டம் என்னவோ அறுபது நிமிடம்தான். ஆனால் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி, பந்துக்குப் பதில் அவர்கள் அடிக்கும் கறுப்பு ரப்பர் வட்டை யார் தொட்டார், யாரிடம் தள்ளினார், யார் பறித்தார் என்று ஒவ்வொன்றையும் ஆட்டக்காரரின் எண்ணுக்கு நேராகப் பதிய வேண்டும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் அலுவலகம். குறிக்கிறவர்கள் பதினான்கு பேர், எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் என்னைப் போல எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். சென்னைக்குப் போகாதவர்கள், அல்லது போய்த் திரும்பியவர்கள். கனடாவில் மாலையில் நடக்கும் ஆட்டம் இங்கே விடிந்த பிறகுதான் முடியும். நான் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து சேரும்போது வீடியோ இறங்கியிருக்கும்.

எங்களுக்கு வேலை கொடுத்தது கனடாவில் ஒரு நடுத்தர ஊரின் தொழில்முறை அணி. எல்லோருக்கும் தெரிந்த பெரிய தொடருக்கு ஒரு படி கீழே ஆடுவது. சீசன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் அறிக்கை போகும். அடுத்த வருடம் யாருக்கு ஒப்பந்தம், யாருக்கு இல்லை என்பதை அதை வைத்தும் முடிவு செய்வார்கள். அதை மட்டும் வைத்து அல்ல, அதையும் வைத்து. பயிற்சியின் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்கள். நான் குறிப்பேட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

அந்த அணியில் இருபத்தேழாம் எண் ஒரு தடுப்பாளர். முப்பத்தைந்து வயது. தாடியில் நரை, முன்பல் ஒன்று இல்லை. பெஞ்சில் எப்போதும் ஓரத்தில் உட்காருவார், கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அக்காதான் அவருக்குப் பெயர் வைத்தது. அக்காவுக்கு ஆவூர்ப் பக்கம். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு வருகிறவர். ஆட்டத்தை முதலில் பார்த்த அன்று அவர் சொன்னது இது:

"கருகுன வடை மாரி ஒண்ணு. அதுக்குப் பத்துப் பேரு அடிச்சுக்கிறானுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, கேமரா பெஞ்சைக் காட்டியபோது:

"இங்கிட்டுப் பாரேன். இவரு அப்புடியே எங்க பெரியப்பாதான். கல்யாண வீட்ல பந்திக்குக் கூப்புடுற வரைக்கும் இப்புடித்தான் கம்முனு உக்காந்திருப்பாரு."

அன்றிலிருந்து எங்கள் வரிசை முழுவதற்கும் அவர் பெரியப்பா. மற்ற ஆட்டக்காரர்கள் 'அவன்', இவர் மட்டும் 'அவரு'. அவர் விழுந்தால் அக்கா திரையைப் பார்த்து, "எந்திரிங்க பெரியப்பா, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு" என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த வேலையில் சிரிப்பதற்கு வேறு அதிகம் இல்லை.

ஒருநாள் உணவு இடைவேளையில் அவருடைய ஆட்ட வாழ்க்கையை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. பதினாறு வயதில் வீட்டைவிட்டு இளையோர் அணிக்கு. பதினெட்டில் ஒரு பெரிய அணி தேர்ந்தெடுத்த இளைஞர் பட்டியலில், கடைசிச் சுற்றுகளில் ஒன்றில், பெயர். பெரிய தொடருக்கு மூன்று முறை அழைப்பு. மூன்று முறையும் சில ஆட்டங்களில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு குளிர்காலம். பிறகு மறுபடி கனடா, மறுபடி கீழ்ப்படி. மொத்தம் ஒன்பது ஊர்கள். ஊருக்கு நேராக வருடம், வருடத்துக்கு நேராக கோல்கள். பெரும்பாலும் ஒன்று, இரண்டு, பூஜ்யம். கோல் போடுவது தடுப்பாளரின் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை அந்தப் பத்தியில் மேலிருந்து கீழே ஓட்டியபோது நானே ஒன்பது ஊருக்குப் பெட்டி தூக்கியதைப் போல அசதியாக இருந்தது. அவர் செய்த வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

அவருடைய வேலை மூலையில் இருந்தது. ஐஸ் மைதானத்தின் நான்கு மூலைகளும் வளைவாக இருக்கும்; சுற்றிலும் பலகைச் சுவர். வட்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டால் இரண்டு பேர் போவார்கள், நம் ஆள் ஒருவர், எதிராளி ஒருவர். சுவரோடு அழுத்தி, தோளால் இடித்து, காலால் கிண்டி, ஐந்தாறு நொடிகள். யாராவது ஒருவர் வட்டோடு வெளியே வருவார். நான் பதிய வேண்டியது மூன்றில் ஒன்று: வென்றார், தோற்றார், தெளிவில்லை. சுவர் மறைக்கும், முதுகு மறைக்கும், சில நேரம் கேமராவே தாமதமாகத் திரும்பும். அதற்காகத்தான் மூன்றாவது. தெளிவில்லை என்று குறித்தது கணக்கில் சேராது. வென்றதையும் தோற்றதையும் மட்டும் வைத்து விகிதம் போடுவார்கள்.

முதல் சில மாதங்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்தோம். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஆட்டங்கள் கூடின, ஆள் கூடவில்லை. ஐந்தில் ஓர் ஆட்டம் மட்டும் இரண்டு பேருக்கு என்று ஆனது. மற்ற நான்கில் நான் குறித்ததுதான் குறித்தது.

முதல் சீசன் முடிந்தபோது, மூலைகளில் வெல்லும் விகிதத்தில் பெரியப்பா அணியின் முதல் மூவருக்குள் இருந்தார். அவருக்கு இன்னொரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. அக்கா அன்று பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார். நானும் இரண்டு சாப்பிட்டேன்.

இரண்டாவது சீசனில் அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்தார். எண்களை நம்புகிறவர் என்று எங்களுக்கு வந்த மின்னஞ்சல்களிலேயே தெரிந்தது. அவர் இருபத்தேழை எடுத்து, எதிரணியின் மிக வேகமான இளைஞர்களுக்கு எதிரே நிறுத்தினார். முன்பெல்லாம் ஓர் ஆட்டத்தில் பதினைந்து முறை களத்தில் இறங்கியவர் இருபத்தைந்து முறை இறங்கினார். ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடம். திரும்பி வந்து பெஞ்சில் உட்காரும்போது வாய் திறந்திருக்கும். கேமரா அவரைக் கடந்து போய், திரும்பி வரும்போதும் திறந்தே இருக்கும்.

"பெரியப்பாவுக்கு மூச்சு வாங்குதுடி" என்று அக்கா ஒருநாள் சொன்னார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

தை மாதத்தில் ஓர் ஆட்டம். இரண்டாம் பகுதி. வட்டு இடது மூலைக்குப் போனது, அவர் போனார். பின்னாலிருந்து ஓர் இளைஞன், அவரைவிடப் பதினான்கு வயது சிறியவன், முழு வேகத்தில் வந்தான். விதிக்கு உட்பட்ட இடிதான். நடுவர் விசில் ஊதவில்லை. அவருடைய இடது தோள் சுவரில் பட்டு, உடல் மட்டும் மேலும் திரும்பியது. எழுந்தார். வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்து, அங்கே நிற்காமல் உள்ளே போய்விட்டார். அதை நான் பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். வேலை அப்படி. இடித்தது யார், எந்த நொடி, வட்டு எங்கே போனது. கடைசியில் மூலைப் போராட்டத்தின் முடிவுக்கு வந்தேன். கை தானாக மூன்றாவது பொத்தானுக்குப் போனது.

வட்டு அந்த இளைஞனிடம் இருந்தது. திரையின் நடுவில், வெளிச்சத்தில், யாரும் மறைக்காமல். இதில் தெளிவில்லாதது எது?

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் 'தோற்றார்' என்று குறித்தேன். அன்று மாலை, வேலை முடிந்ததும், இரண்டு சீசன்களின் தரவையும் எக்செல்லில் எடுத்துப் பிரித்தேன். முதல் பிரிவு: ஆட்டக்காரர் வாரியாகத் தெளிவில்லாதவை. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இருபத்தேழுக்கு மட்டும் அதைப் போல மூன்று மடங்கு. இரண்டாவது பிரிவு: குறித்தவர் வாரியாக. மற்றவர்கள் குறித்த ஆட்டங்களில் அவரும் எல்லோரையும் போலத்தான் இருந்தார். அந்த மூன்று மடங்கு முழுவதும் நான் குறித்த ஆட்டங்களிலிருந்து வந்திருந்தது.

நான் பொய் எழுதவில்லை. ஒரு தோல்வியைக்கூட வெற்றி என்று மாற்றவில்லை. தோற்ற இடங்களில் மட்டும், கொஞ்சம் இருட்டாக இருந்தால், கொஞ்சம் மறைத்தால், மறைக்காவிட்டாலும்கூட, தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கிருந்து வந்த பழக்கம் என்று யோசித்தால் எனக்கு உடனே தெரிந்தது. கொடும்பாளூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. நான் கல்லூரியில் இருந்தபோது அப்பா அங்கே போர் போட்டார். மூன்று இடத்தில் போட்டும் புழுதிதான் வந்தது. வண்டிக்காரர்கள் குழாயை ஏற்றிக்கொண்டு போன பிறகு, வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், தண்ணி வந்துச்சா என்று. அம்மா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "இன்னும் தெரியலைங்க. பாக்கணும்." கேட்டவர்களுக்கும் விஷயம் தெரியும். ஆனால் அப்பா பக்கத்தில் நிற்கிறார். எங்கள் வீட்டில் பெரியவர்கள் யாரும் எதிலும் தோற்றதில்லை. எல்லாம் இன்னும் தெரியாமல் இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு கனடாக்காரரைப் பெரியப்பா என்று கூப்பிட ஆரம்பித்ததும் என் கை அந்த மரியாதையை அவருக்கும் கொடுத்துவிட்டது.

அந்த மரியாதையில்தான் அவருக்கு இன்னொரு வருடம் கிடைத்தது. அந்த வருடத்தில் அவரை அந்த மூலைக்கு அனுப்பினார்கள்.

அவர் ஐந்து வாரம் ஆடவில்லை. பிறகு, தோளில் கட்டோடு என்று நினைக்கிறேன், திரும்பி வந்தார். பயிற்சியாளர் அவரை அதே இடத்தில் நிறுத்தினார். இந்த வருட அறிக்கை போக இரண்டு வாரம் இருந்தது. அதில் போன வருட எண்களும் ஒப்பீட்டுக்குச் சேர்ந்து போகும். நான் ஒன்றும் செய்யாவிட்டால் அவருக்கு மூன்றாவது வருடமும் கிடைக்கக்கூடும். திருத்தினால் கிடைக்காது. இதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அக்காவிடம் முதலில் சொன்னேன். டிபன் பாக்ஸைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"அந்த மனுசன் பொழப்புல மண்ணள்ளிப் போடப் போறியா?"

"போன வருஷம் நான் பண்ணுனதுதான்க்கா அவரு தோள்ல விழுந்துச்சு."

"நீ என்ன போயி இடிச்சியா?"

"இடிக்கிற எடத்துக்கு அனுப்பிச்சேன்."

"அனுப்புனது அந்தக் கோச்சு. ஒனக்கு எதுக்குடி வேண்டாத வேலை? முப்பத்தாறு வயசு. இத விட்டா அவருக்கு வேற என்ன தெரியும்? ஒரு வருஷம் ஆடிட்டுப் போறாரு."

"அந்தத் தோளோடயா?"

அக்கா டிபன் பாக்ஸை மறுபடி திறந்து, லெமன் சாதத்தில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கித் தின்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன்.

மறுநாள் சாரிடம் போனேன். சார் எங்கள் மேற்பார்வையாளர். முன்பு ஒரு கல்லூரியில் கணிதம் எடுத்தவர்.

"என்னம்மா, லீவா?"

"இல்ல சார். ஒரு தப்பு நடந்திருக்கு."

தாள்களைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கிளையண்டு கேட்டானா?"

"இல்ல சார்."

"வேற யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"அப்ப கேக்காத கேள்விக்குப் பதில் எழுதிட்டு வந்திருக்க." தாளைப் புரட்டினார். "போன வருஷ ரிப்போர்ட்டு தப்புன்னு நாமளே சொன்னா, மத்த பதிமூணு பேரு பண்ணுனதும் தப்புத்தானேம்பான். யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார். மத்தவங்க அளவும் கடைசித் தாள்ல இருக்கு. அவங்களது சரியா இருக்கு. என்னோடதும், மத்த ஆளுங்களுக்கு சரியாத்தான் இருக்கு."

"இந்த ஒரு ஆளுக்கு மட்டும்."

"ஆமா சார்."

"சொந்தக்காரனா?"

அவர் சிரிக்கவில்லை, கேட்டதே போதும் என்று நினைத்தாரோ என்னவோ. எத்தனை கிளிப் என்று கேட்டார். நானூற்றுச் சொச்சம் என்றேன். ஆபீஸ் நேரத்தில் கூடாது, காலையில் சீக்கிரம் வந்து செய்துகொள், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும் என்றார். நான் கதவுக்குப் போனபோது, "தப்பு பண்ணுறவங்களுக்கு இவ்வளவு சுத்தமா டேபிள் போட வராதும்மா" என்றார். அது பாராட்டா என்று தெரியவில்லை.

பத்து நாட்கள் ஆறேமுக்கால் மணி டவுன் பஸ்ஸில் போனேன். துணிக்கடை திறந்திருக்காது. படியில் பூக்காரர்கள் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்ததும் கூடையை நகர்த்துவார்கள். மேலே போய், ஒரு மின்விசிறியை மட்டும் போட்டுக்கொண்டு, அவருடைய மூலைகளை ஒவ்வொன்றாகத் திறப்பேன்.

முதல் நாள் செய்ததை இரண்டாம் நாள் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. திருத்த வேண்டும் என்று உட்கார்ந்ததால் என் கை இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. உண்மையிலேயே மறைந்திருந்த இடங்களிலும் 'தோற்றார்' என்று குறித்திருந்தேன். ஒன்றிரண்டில் அவர் வென்றே இருந்தார். அதையும் தோல்வி ஆக்கியிருந்தேன். அவரைப் பார்த்தால் எனக்கு ஏதாவது ஒன்று தோன்றிவிடுகிறது. பாவம் தோன்றுகிறது, இல்லாவிட்டால் பாவம் பார்க்கக் கூடாது என்று தோன்றுகிறது. இரண்டுமே அளவைக் கெடுக்கும்.

அதனால் ஒரு முறை வகுத்துக்கொண்டேன். அவரைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கிளிப்பிலும் எதிராளியை மட்டும் பார்ப்பது. எதிராளி வட்டோடு வெளியே வந்தால், அவன் வென்றான். வராவிட்டால் தோற்றான். அவன் கையே தெரியாவிட்டால் மட்டும் தெளிவில்லை. எல்லாவற்றையும் குறித்து முடித்த பிறகு, ஒரு சூத்திரம் போட்டு முடிவுகளைத் தலைகீழாக்கி இருபத்தேழுக்கு எழுதிவிடலாம். எதிராளிகள் நூற்றுக்கணக்கானவர்கள், அவர்களில் ஒருவரையும் நாங்கள் எந்த உறவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேலை சீராகப் போனது. அவருக்கு நியாயம் செய்வதற்கு அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் என் திரையின் ஓரத்தில் ஒரு நீலச் சட்டையாக மட்டும் இருந்தார், வளைந்து, அழுத்தப்பட்டு, அடிக்கடி கீழே.

சூத்திரத்தைப் போட்டபோது அவர் முதல் மூவரிலிருந்து கடைசி இரண்டுக்கு வந்தார். போன வருடமும் அப்படியே.

சார் அறிக்கையோடு ஒரு பக்கக் குறிப்பையும் அனுப்பினார். எழுதியது நான்: என்ன பிழை, எந்த ஆட்டங்கள், எப்படித் திருத்தப்பட்டது. 'பிழைக்கான காரணம்' என்ற இடத்தில் 'குறிப்பவரின் சாய்வு' என்று போட்டேன். கிளையண்டிடமிருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. அடுத்த ஆட்டத்திலேயே அவர் களத்தில் இறங்கிய தடவைகள் பாதியானதைக் குறித்தவளும் நான்தான். அதற்கடுத்த ஆட்டத்தில் அவருக்கு ஆட்ட உடையே இல்லை. பலகைக்குப் பின்னால் கோட்டு போட்டு நின்றுகொண்டிருந்தார். அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

எனக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னால், அடுத்த சீசனிலிருந்து ஒரே அணியைத் தொடர்ந்து குறிக்கக் கூடாது என்பதுதான். வாரம் ஓர் அணி. முகங்கள் பழகாது. அது நல்ல ஏற்பாடு, நானே பரிந்துரைத்திருப்பேன். ஆனால் வேலை முன்னைவிட நீளமாகத் தெரிந்தது.

அணியின் ஒப்பந்தப் பட்டியல் சித்திரையில் வந்தது. இருபத்தேழு இல்லை. வேறு அணி எதுவும் எடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து அவர் ஓய்வை அறிவித்தார். அணியின் பக்கத்தில் அவர் எழுதியதாக ஒரு சிறு பத்தி இருந்தது. அக்கா அதைத் தன் போனில் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "நீயே படி, எனக்கு இங்கிலீசு வேகமா வராது" என்று என் மேசையில் வைத்தார். அவருக்கு வேகமாகவே வரும்.

சத்தமாகத் தமிழில் சொன்னேன். ஒன்பது ஊர்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார், ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல். பதினாறு வயதுக்குப் பிறகு எதற்கும் உடம்பைத் தயார் செய்ய வேண்டியில்லாத முதல் கோடை இது, காலையில் எழுந்து என்ன செய்வது என்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தார். மகளுக்கு ஐஸில் சறுக்கச் சொல்லித் தரப்போவதாகவும்.

"சந்தோசமாத்தானே எழுதியிருக்காரு?" என்றார் அக்கா.

"அப்புடித்தான் தெரியுதுக்கா."

"ம்." போனை எடுத்துக்கொண்டார். "மக இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல."

அக்கா போன பிறகு அந்தப் பத்தியை என் கணினியில் திறந்து இன்னொரு முறை படித்தேன், பிறகு வரி வரியாக மூன்றாம் முறை. தோளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் அதைத்தான் தேடினேன்.